முதுகு பார்க்கும் நாள்

லீனா விழுந்தால்தான் தனக்கு நிம்மதி என்று பிரபா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே வார்டு முழுக்க அது தெரிந்திருந்தது.

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடி ஆண்கள் வார்டுக்குப் பிரபா இன்சார்ஜ் சிஸ்டர். பக்கவாதம் வந்தவர்களையும் முதுகெலும்பில் அடிபட்டவர்களையும் வைத்து எழுப்பி நடக்கவைக்கும் நான்காம் மாடி வார்டுக்கு லீனா இன்சார்ஜ். இருவரும் ஒரே நர்சிங் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பிரபா ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். லீனா கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போனவள். மழைக்காலத்தில் ரயிலை விட்டுவிட்டால் பிரபா வீட்டில்தான் தங்குவாள், பிரபாவின் நைட்டியைத்தான் மாட்டிக்கொள்வாள். யாரோ மூன்றாம் மனுஷியாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். கூடப் படுத்து எழுந்தவள் செய்தால் எப்படி விடுவது?

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் உமேஷ். குவாலிட்டி டிபார்ட்மெண்டுக்குத் தலைவராக வந்தவர். ஊசி போட்டவர் அல்ல, பெட்பேன் எடுத்தவர் அல்ல. உலகத்தில் எதையும் எண்ணிவிடலாம், எண்ணினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இங்கே எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வருகிறது என்பது. யாருக்கும் பதில் தெரியவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் அது. அசைய முடியாமல் கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடாவிட்டால் இடுப்புக்குக் கீழே தோல் வெந்து கிழிந்து, கடைசியில் எலும்பே தெரியும். பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆள் போதவில்லை என்று எல்லோரும் விட்டதும்தான்.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எல்லா வார்டிலும் ஒவ்வொரு நோயாளியையும் புரட்டி முதுகைப் பார்த்து, புண்ணை எண்ணுவது என்று உமேஷ் ஏற்பாடு செய்தார். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்தார். நர்ஸுகள் அதை முதுகு பார்க்கும் நாள் என்றார்கள்.

முதலில் அது நல்ல காரியமாகத்தான் இருந்தது. எண்ணப்போகிறார்கள் என்றதும் கைகள் தாமாக நோயாளியின் தோளைத் தேடிப் போயின. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன, தோல் அழுந்தாமல் காக்கும் ஏர் பெட்டுகள் வார்டுக்கு வந்தன. முதுகு வெந்து கத்துகிறவர்களின் சத்தம் குறைந்தது. இத்தனை வருஷம் ஏன் இதைச் செய்யவில்லை என்று பிரபாவே வீட்டில் போய்ப் புலம்பினாள். உமேஷை அவள் மனதார நம்பினாள். சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தால்கூட மறைக்காமல் சொன்னாள். அவள் ஏமாந்தது அங்கேதான்.

தேடித் தேடிப் பார்க்கிறவளுக்கு நிறையக் கிடைக்கும் என்பது எண்ணுகிறவர்களுக்குப் புரியவில்லை. நர்ஸ் தின விழாவில் உமேஷ் பெரிய திரையில் ஒரு படம் போட்டார். எல்லா வார்டும் பச்சையில் குட்டையாக நிற்க, மூன்றாம் மாடி மட்டும் சிவப்பில் நெட்டையாக நின்றது. நான்காம் மாடிக்குக் கோடே இல்லை, பூஜ்யம். நாள் முழுக்க அசையாமல் கிடக்கிறவர்களை வைத்திருக்கும் வார்டில் ஒரு புண்கூட இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். லீனா மேடையேறிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, நோயாளியைத் தன் சொந்த அப்பாவாக நினைத்துப் பார்ப்பதாக மைக்கில் சொன்னாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பிரபா நாலு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பாள். அடுத்த வாரம் மூன்றாம் மாடி நர்ஸுகளுக்கு மறுபயிற்சி வகுப்பு என்று உத்தரவு வந்தது. வகுப்பு எடுக்க வந்தவள் லீனா. நோயாளியாகப் படுக்க ஒருத்தி வேண்டும் என்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, நம்ம பிரபா சிஸ்டரே வரட்டுமே என்றாள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள், தான் கைபிடித்துப் பழக்கிய சின்னப் பெண்கள் சுற்றி நிற்க, கட்டிலில் படுத்தாள். லீனா அவள் தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, இப்படித்தான் திருப்பணும் என்று சொல்லிச் சொல்லி, இரண்டு பக்கமும் உருட்டிக் காட்டினாள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது பிரபாவின் காதில் விழுந்தது.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. முதுகு பார்க்கும் நாளன்று காலை, பிரபாவின் வார்டு நர்ஸ் சோனியா ஓடிவந்து கூப்பிட்டாள். முந்தின நாள் மதியம் காய்ச்சல் என்று நான்காம் மாடியிலிருந்து இறக்கி அனுப்பிய ஒருவரைப் புரட்டினால், உள்ளங்கை அகலத்துக்குப் புண். தோல் நன்றாக இருப்பதாக மேலே எழுதி அனுப்பியிருந்தார்கள். நோயாளியை வாங்கும்போதே முதுகைப் பார்த்துச் சொல்லாவிட்டால் புண் வாங்கிய வார்டின் கணக்கு என்பது உமேஷ் போட்ட விதி. லீனா ஆளை அனுப்பியது இரண்டு மணிக்கு, காலை டியூட்டிக்காரர்கள் பையைத் தூக்க, மதியக்காரர்கள் இன்னும் லிஃப்டில் இருக்கிற நேரத்தில். அந்த நேரத்தில் யார் யாருடைய முதுகைப் பார்ப்பது? யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் அந்த வாரத்தில் மேலேயிருந்து யாராவது ஒருவர் இறங்கியிருந்தார். லீனாவின் புண்களையெல்லாம் பிரபா தன் புண்ணாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நேராக உமேஷிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வாங்கும்போது பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டேட்டாதான் பேசணும் சிஸ்டர். நாம பேசக் கூடாது."

படியிறங்கும்போதே பிரபா முடிவு செய்துவிட்டாள். அழுகை வரவில்லை. இனி அவளுக்கு நியாயம் வேண்டாம், லீனா கீழே விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்க டில்லியிலிருந்து ஆய்வாளர்கள் வரப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. அந்த மாதம் முதுகைப் பார்க்கப்போவது அவர்கள்தான். கோப்பை வாங்கிய நான்காம் மாடியிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று உமேஷ் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரபா கணக்குப் போட்டாள். அவர்கள் முன்னால் லீனாவின் வார்டில் ஒரு புண் இருக்க வேண்டும். அதை அனுப்பப்போவது தான். ஆனால் அனுப்ப அவளிடம் புண் இல்லை. அவள் வார்டு அந்தச் சமயம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இராஜமாணிக்கம் வந்து சேர்ந்தது அப்போதுதான். லாரி ஷெட் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர், கனத்த உடம்பு. பக்கவாதத்தில் வலப்பக்கம் மொத்தமாக விழுந்து, பேச்சும் போய்விட்டது. உயிருக்கு ஆபத்து நீங்கியதும், ஒரு வாரத்தில் நான்காம் மாடிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி வேதநாயகி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள். லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலிலேயே கிடந்தாள். வந்த அன்றே பிரபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இவரை விட்டால் நாதி கிடையாது, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்றாள்.

நல்லவள் புத்தி ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டது என்று சொல்லி பிரபாவுக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஒரு நிமிஷம் அல்ல, ஒரு வாரம். ஜன்னல் ஓர பெட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சோனியாவிடம் சொன்னாள், இரவு டியூட்டிக்காரர்களிடமும் அவரை அசைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள், அதனால் வேறு யாரும் அவரைத் தொடவில்லை. அவருடைய ஏர் பெட்டை எடுத்து, இன்னொருவருக்கு அவசரம் என்று மாற்றிப் போட்டாள். மற்ற எல்லாவற்றிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. நாள் தவறாமல் முகச்சவரம் செய்தாள், உடம்பு துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். திருப்பிப் போடுவதை மட்டும் செய்யவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வேதநாயகி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சிஸ்டர், அவர கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வெக்கட்டுங்களா? இடுப்பு வலிக்குதுபோல. மொனகிக்கிட்டே இருக்காரு."

"வேணாம்மா," என்றாள் பிரபா. "தோள்பட்டை எறங்கிடும். அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்படிங்களா. நல்லவேளை கேட்டேன்," என்று சொல்லிவிட்டு வேதநாயகி திரும்பிப் போனாள். போய்ப் புருஷனின் தலையைத் தடவி, அசையாதீங்க, பொறுத்துக்கங்க என்றாள். இராஜமாணிக்கம் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். பிரபா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருடைய கண் அவள் பின்னாலேயே வந்தது. மூளையில் அடிபட்டவர், அவருக்கு என்ன புரியப்போகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது கொஞ்சம்தான். தோல் காசளவு கிழிந்தால் போதும். எண்ணுகிறவர்களுக்குச் சின்னப் புண்ணும் ஒன்று, பெரிய புண்ணும் ஒன்று. பிறகு ஒரு வாரத்தில் ஆற்றிவிடலாம். புதன்கிழமை காலை திரையை இழுத்துவிட்டு அவள் அவரைப் புரட்டிப் பார்த்தபோது, காசளவு கிழிந்திருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் பாய்ந்திருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. புண் தோலில் தொடங்குவதில்லை, எலும்பை ஒட்டி உள்ளே தொடங்கி வெளியே வருகிறது என்று வருஷா வருஷம் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான். பார்த்தாள். பவுடர் போட்டு டயபரை ஒட்டி மூடினாள். தோல் நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். சரியாக இரண்டு மணிக்கு, நான்காம் மாடி நர்ஸுகள் பையைத் தூக்கும் நேரத்தில், அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி லிஃப்டில் அனுப்பினாள். வேதநாயகி லிஃப்ட் கதவு மூடும்வரை கும்பிட்டபடி நின்றாள்.

வியாழக்கிழமை நடந்ததைச் சோனியா வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். ஆய்வாளர்களில் மூத்த அம்மாள் நாலாவது பெட்டிலேயே நின்றுவிட்டாராம். டயபரைப் பிரித்ததும் நாற்றம் அடித்ததாம். காசளவு என்று பிரபா நினைத்திருந்தது ஒரே நாளில் பிளந்துகொண்டிருந்தது. இந்த வார்டுக்கா கோப்பை கொடுத்தீர்கள் என்று அந்த அம்மாள் உமேஷைக் கேட்க, உமேஷ் லீனாவைப் பார்க்க, லீனா வாயைத் திறப்பதற்குள் வேதநாயகி அவள் மேல் பாய்ந்துவிட்டாளாம். கீழே தங்கமாட்டம் பார்த்துக்கொண்டார்கள், நீ ஒரு நாளில் என் புருஷனை அழுகவிட்டாயே, உன் குடும்பம் விளங்குமா, உனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டு, லீனாவின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாளாம். ஆய்வாளர்களிடம் மூன்றாம் மாடி பிரபா சிஸ்டரைப் போய்ப் பாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். அவர்கள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு முதுகிலும் ஒன்றும் இல்லை.

சாயங்காலத்துக்குள் லீனாவின் இன்சார்ஜ் பதவி போய்விட்டது. விசாரணை முடியும்வரை கீழ்த்தளத்தில் ஊசி போடும் அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உமேஷ் வாட்ஸ்அப் குழுவில் பிரபாவின் வார்டைப் புகழ்ந்து எழுதினார். பிரபா மறுநாள் மதியம் சிவாஜிநகரிலிருந்து வார்டுக்கே பிரியாணி வரவழைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பில் வாயைப் பொத்திச் சிரித்த பெண்ணுக்குத் தன் கையால் இரண்டாம் முறை பரிமாறினாள். அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு அவளுக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

சாப்பிட்ட கையோடு அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். வேலை ஒன்றும் இல்லை. லீனாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகவே போனாள். லீனா ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. என்ன லீனா, கீழே வந்துட்டியாமே என்று பிரபா விசாரித்தாள். லீனா கதவைச் சாத்தினாள்.

"நான் ஒனக்கு அனுப்புனதெல்லாம் வந்த புண்ணு, பிரபா. என் வார்டுல வந்துச்சு, பயந்துக்கிட்டு ஒளிச்சேன். கோப்பை மேல ஆசை, அதுவும் உண்டு. தப்புதான். ஆனா புண்ணு வரட்டும்னு ஒரு மனுஷன நான் போட்டு வெச்சதில்ல."

"பாத்தியா? ஆதாரம் ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்றாள் பிரபா.

"ஒண்ணும் இல்ல," என்றாள் லீனா. "நீ இல்லேன்னு சொல்லுவன்னு நெனச்சேன். ஆதாரம் கேக்குற."

பிரபாவுக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் லிஃப்டில் ஏறும்போது, விழுந்தவள் அப்படித்தான் பேசுவாள் என்று தேற்றிக்கொண்டாள். வார்டுக்குத் திரும்பினால் ஜன்னல் ஓர பெட்டில் இராஜமாணிக்கம் படுத்திருந்தார். நான்காம் மாடியில் ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன், பிரபா சிஸ்டரிடமே கொண்டுபோய் விடுங்கள் என்று வேதநாயகி மேலதிகாரி அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். ஊர் கூடிவிடுமோ என்று பயந்து அவர்களும் அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. வேதநாயகி பிரபாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போவதாகவும், கம்பெனியில் யூனியன் அண்ணன் கூட வருவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அந்த லீனா இனி எந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் வேலை பார்க்கக் கூடாது, அதற்குப் பிரபா சாட்சி சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அவள் பல்லைக் கடித்தாள்.

"இத செஞ்சவ யாரோ, அவள நான் சும்மா விட மாட்டேன் சிஸ்டர். நான் செத்தாலும் விட மாட்டேன்."

பிரபா தலையாட்டினாள். நேற்றுவரை பதவி போனாலே போதும் என்றிருந்தவளுக்கு, நர்ஸ் வேலையே போகும் என்றதும் ஒரு கணம் உள்ளுக்குள் இனித்தது. புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்க்கும்வரைதான் அந்த இனிப்பு. கருநீலமாக இருந்த இடம் முழுக்கக் கரிக்கட்டையாகக் கறுத்து, ஓரம் விட்டுச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. அவள் மூடி அனுப்பிய இடம். ஒரு வாரத்தில் ஆற்றிவிடலாம் என்று அவள் போட்ட கணக்கு அங்கே நாறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சர்ஜன் அஷ்வினுக்கு அவளே போன் செய்தாள்.

அஷ்வின் சின்ன வயசு டாக்டர். வந்து, செத்த சதையை வெட்டி எடுத்தார். வெட்ட வெட்டக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ரத்தத்தில் சீழ் ஏறாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார், ஆறுவதற்கு மாதக்கணக்காகும், நடைப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றார். புகாரில் எழுத வேண்டும் என்று வேதநாயகி அவரைக் கேட்டாள்.

"எப்ப வந்திருக்கும் டாக்டர் இது? மேல போன அன்னிக்கா?"

"ஒரு நாள்ல இப்படி ஆகாதும்மா," என்றார் அவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "இவ்ளோ கறுப்பாகணும்னா அஞ்சாறு நாளாவது ஆகும். அத்தனை நாளும் அசையாம ஒரே மாதிரி கெடந்திருக்கணும்."

அவருக்கு அடுத்த ஆபரேஷன் காத்திருந்தது. கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

வேதநாயகி கத்துவாள் என்று பிரபா எதிர்பார்த்தாள். அதற்கு அவளிடம் பதில்கள்கூடத் தயாராக இருந்தன. டாக்டர் சின்னப் பையன், அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லலாம். தோள்பட்டையைச் சொல்லலாம். ஏர் பெட் போதவில்லை என்று ஆஸ்பத்திரி மேல் பழியைப் போடலாம். ஆனால் வேதநாயகி பிரபாவை எதுவும் கேட்கவில்லை. புருஷனின் முகத்தருகே குனிந்தாள்.

"என்னங்க. அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் வந்து சொன்னாரா? நீங்க முழிச்சுக்கிட்டுதான கெடந்தீங்க. டாக்டர் சொன்னாரா, இல்ல இவங்களா?"

இராஜமாணிக்கம் இடது கையைத் தூக்கினார். அந்தக் கை கம்பியைத் தாண்டி வந்து, விரலை நீட்டி, பிரபாவின் நெஞ்சுக்கு நேராக நின்றது. கீழே இறங்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் அவர் அந்த ஒரு வாரமும் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"எதுக்கு?" என்றாள் வேதநாயகி.

தயார் செய்த பதில்களை விட்டுவிட்டு, அந்த விரலைப் பார்த்தபடியே பிரபா சொன்னாள்.

"லீனாவ விழ வெக்கணும்னு."

"அவள விழ வெக்க எம் புருஷனா கெடச்சாரு ஒனக்கு?"

'உங்களுக்கு' போய் 'உனக்கு' வந்துவிட்டதைப் பிரபா கவனித்தாள். சோனியா மருந்து வண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அமைதியான வார்டு என்று ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டு போன இடம் அது.

வேதநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் பிரபாவை அதிகமாகப் பயமுறுத்தியது.

"எங்க கம்பெனில ஒரு சட்ட தப்பா தச்சு வந்துச்சுன்னா வேற ஆள் கையில குடுக்க மாட்டோம். தச்சவ கையிலயே திருப்பிக் குடுப்போம். அவளே பிரிக்கணும், அவளே தைக்கணும். மத்தவங்கல்லாம் பாத்துக்கிட்டிருப்பாங்க, வெக்கமா இருக்கும். இருக்கட்டும்னுதான் அப்படி." அவள் பிரபாவை நிமிர்ந்து பார்த்தாள். "இவர கெடுத்தது நீ. நீயேதான் சரி பண்ணிக் குடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நீதான் திருப்பணும், வேற எவளும் கை வெக்கக் கூடாது. லீவு கீவு கெடையாது. நான் இங்கயே ஒக்காந்து பாக்குறேன்."

"சரி," என்றாள் பிரபா.

"அந்த லீனாவ நான் ஊர் முன்னாடி பேசிட்டேன். அவளக் கூட்டியாந்து, நீ செஞ்சத உங்க ஆபீசருங்க முன்னாடி ஒவ்வொண்ணா சொல்லு. நான் அவ கால்ல விழணும்."

"சொல்றேன்," என்றாள் பிரபா. "போலீசுக்குப் போவீங்களா?"

"போவேன். அதுக்கு அவசரமில்ல. நீ எங்க போயிடப்போற?"

திருப்பிப் போட வேண்டிய நேரமாகிவிட்டது. பிரபா கை கழுவிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள். சோனியா உதவிக்கு வர ஓர் அடி எடுத்து வைத்தாள். வேதநாயகி அவளைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள். கனத்த மனிதரை ஒற்றை ஆளாகத் திருப்புவது சுலபமில்லை. பிரபா ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, மெதுவாகத் தன் பக்கமாக இழுத்தாள். வலியில் இராஜமாணிக்கத்தின் பல் நறநறத்தது. அவருடைய முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மூடவில்லை.